உடைக்கவா, ஓட்டவா?: தோணியை மிதக்கும் அருங்காட்சியகமாக்கிய கதை

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் எங்கள் தோணி மிதக்கிறது. ஆட்கள் ஏறிப் பார்க்கிறார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை. பழைய சரக்குத் தோணி ஒன்றைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மரத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படுங்கள். முதலில் காகிதம்.

பதிவுச் சான்று காலமான முதலாளி பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் போனால், அதில் ஒரு மகளின் பெயர் விடுபட்டிருந்தது. அந்த அம்மா கொழும்பில் இருக்கிறார். மறுபடியும் முதலிலிருந்து மனு. தோணிக்கு விலை பேசும் முன்பே வாரிசுகள் எல்லோரையும் போனிலாவது பிடித்துவிடுங்கள்.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் பாய்க்கப்பல்களுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. ஆனால் சரக்கும் ஏற்றாமல், கடலுக்கும் போகாமல், உடைக்கவும் படாமல் சும்மா கட்டிக்கிடக்கும் தோணியை எதில் சேர்ப்பது என்று பதிவு அலுவலகக் கவுன்ட்டரில் யாருக்கும் தெரியவில்லை. "உடைக்கப் போறீங்களா, ஓட்டப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். மியூசியம்னா கரையில கட்டடம் கட்டுங்க" என்றார் எழுத்தர். 1974இல் புதுத் துறைமுகம் வரும்வரை, ஆழமில்லாததால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, சரக்கைக் கரை சேர்த்தவை இந்தத் தோணிகள்தான் என்று விளக்கிப் பார்த்தேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வழி காட்டியவர் ஓய்வுபெற்ற தண்டல், அதாவது தோணித் தலைவர், ஒருவர். "இன்ஜினைக் கழற்றிட்டேன்னு எழுதுங்க தம்பி, பாதிக் கேள்வி போயிடும்" என்றார். இயந்திரம் இல்லாமல் நிரந்தரமாகக் கட்டப்பட்ட கலம் என்று கப்பல் சர்வேயரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தோம். அதே கவுன்ட்டர், அதே எழுத்தர். இந்த முறை முத்திரை விழுந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பின்னால் இருக்கும் இயந்திரத்தை எடுத்தால் அணியம் (முன்பக்கம்) தாழ்ந்து பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். மணல் மூட்டைகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

கலப்பத்து வேலை, அதாவது பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைப்பது, நன்றாகவே நடந்தது. இடுக்குகளில் பஞ்சுத் திரி அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். பிடிவாதம் செய்தவை பழைய இரும்பு ஆணிகள்தான். துரு ஏறி, சுற்றியுள்ள மரத்தையும் அரித்திருந்தன. கழற்றிய பலகைகளுக்கெல்லாம் எண் போட்டு வேறு இடத்தில் வைத்தோம். செலவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். லண்டனில் அருங்காட்சியகமாக இருக்கும் 'கட்டி சார்க்' என்ற பழைய பாய்க்கப்பல் 2007இல் புதுப்பிப்பின்போது தீப்பிடித்தது. நிறுத்தாமல் விட்ட தூசு உறிஞ்சும் இயந்திரம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. பாய்மரங்களும் நிறையப் பலகைகளும் முன்பே கழற்றி வெளியே வைக்கப்பட்டிருந்ததால் தப்பின. இதைச் சொன்ன பிறகு முணுமுணுப்பு நின்றது.

கரையில் ஏற்றி நீண்ட நாள் காயவிடாதீர்கள், இடுக்குகள் வாய்பிளந்துவிடும். உப்பு நீரை விட மேல்தளத்தில் தேங்கும் மழைநீர்தான் மரத்தை உளுக்க வைக்கும். ஐப்பசிக்கு முன் கித்தான் கூரை போட்டுவிடுங்கள். நடைபாலத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். இங்கே கடல் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், அடியில் உருளை வைத்த பலகையே போதும். எங்களிடம் ஹைட்ராலிக் பாலத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தவர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.