சொல்லிப் பார்த்தேன்

"என் பேரைச் சொன்னீங்களா சார்?" என்று கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் மேடம் கேட்டார்.

"சொல்லிப் பார்த்தேன் மேடம்" என்றேன்.

சொல்லவில்லை. ஃபைலின் இரண்டாம் பக்கத்தில் அவர் பெயரை டைப் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

2015 மார்ச் கடைசி வாரம். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு நான் செக்ரட்டரி. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்லிவிட்டது. 2014 அக்டோபர் என்றிருந்த கெடுவை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2015 ஏப்ரல் 1க்குத் தள்ளி வைத்திருந்தது. கடைசி வாரம்வரை தூங்கியது நாங்கள் மட்டுமல்ல, நாட்டில் ஏகப்பட்ட கம்பெனிகள் அப்படித்தான்.

சேர்மன் ஏல விலைப் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வீட்டம்மா பேரைப் போட்டுடுங்க" என்றார். "சரிங்க சார்" என்றேன். சட்டப்படி அதில் தப்பே இல்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பேன்! நாள் இல்லை, அபராதம் வரும், புதுப் பெயர் என்றால் பேச்சு வளரும். அபராதம் எவ்வளவு என்று ஏப்ரலில்தான் தெரிந்தது. ஜூனுக்குள் சரிசெய்தால் 50,000 ரூபாய். ஒரு லாரி டஸ்ட் டீக்கு முன்னால் அது காசே இல்லை.

அப்போது தேசியப் பங்குச் சந்தைக்கே தலைமை நிர்வாகி ஒரு பெண்தான், சித்ரா ராமகிருஷ்ணா. இங்கே எங்கள் மேடம் கணக்கோடு போர்டு ரூமுக்குள் வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், டீ வருவதற்குள் வெளியே போய்விடுவார். கம்பெனியின் கடன், வட்டி, கொழுந்து விலை எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கோத்தகிரியிலிருந்து இருபது வருஷமாக பஸ்ஸில் வந்துபோனவர்.

சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்த சேர்மன் வீட்டம்மா மூன்றாவது கூட்டத்திலேயே, "கொழுந்து கொடுக்கிறவங்களுக்குப் பாக்கி ஏன் இத்தனை நாள் நிக்குது?" என்று கேட்டார். அதுவரை அங்கே யாரும் கேட்காத கேள்வி. அப்படியானால் நான் செய்தது சரியா? அன்று ராத்திரி அப்படித்தான் தோன்றியது. காலையில் அந்தப் பாக்கிக் கணக்கைத் தேடியபோது, மேடம் அதே கேள்வியைப் பென்சிலில் எழுதி வைத்த தாள் ஃபைலில் இருந்தது.

2019இலும் 2020இலும் பெரிய கம்பெனிகளுக்கு சுயேச்சைப் பெண் இயக்குநர், அதாவது கம்பெனியை நடத்துகிறவர்களுக்கு உறவோ தொடர்போ இல்லாத ஒரு பெண், கட்டாயம் என்று வந்தது. சந்தை மதிப்பில் முதல் 500, பிறகு முதல் 1000. எங்கள் கம்பெனி அந்த வரிசையில் எங்கே இருக்கிறது! படித்துவிட்டு, அப்பாடா என்று மூடி வைத்தேன். ஏன் அப்பாடா என்று இப்போதும் புரியவில்லை.

மேடம் ஓய்வு பெற்ற நாளில் வெளியே கடும் மூடுபனி. சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்க ஒருத்தராவது அன்னிக்கு என் பேரைச் சொன்னீங்க சார்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.