பதினெட்டிலிருந்து பதினாறுக்கு இறங்கினேன்

எங்கள் வயலுக்கு நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுக் கரையில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகப் போக வேண்டும். கோடையில் அந்தத் தடம் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடக்கும். ஐப்பசி மழை நான்கு நாள் பிடித்துக்கொண்டால் போதும், வைத்த காலோடு செருப்பு திரும்பி வராது.

என் மஹிந்திரா தார் ஜீப் 18 அங்குல அலாய் வீலுடன், 255/65 டயரோடு வந்தது. சேற்றில் வழுக்குகிறதே என்று ஒரு டயர் கடையில் கேட்டதற்கு, "அகலமாகப் போடுங்கள் அண்ணே, பிடித்துக்கொள்ளும்" என்றார்கள். 285/60 போட்டேன். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாளடி நடவுக்கு நாற்றுக்கட்டு ஏற்றிப் போன அன்று வண்டி சேற்றின் மேலேயே மிதந்து நழுவி, முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் இருட்டிவிட்டது.

குனிந்து டயரைப் பார்த்தேன். தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே களிமண் அடைத்து, பூரிக்கட்டை போல மழமழவென்று இருந்தது. கட்டைவிரலால் தோண்டிய பிறகுதான் பள்ளமே தெரிந்தது. பக்கத்தில் நின்ற அப்பா, "மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டை எத்தனை விரல் அகலம் இருக்கும்? அது சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையில் போய் நிற்கும். நீ மிதக்கிறாய்" என்றார்.

எங்கள் தடத்துக்கு அது அப்படியே பொருந்தும். மேலே ஒரு சாண் குழம்பு, அடியில் காலங்காலமாக வண்டி ஓடி இறுகிய மண். புதிதாக மண் கொட்டிய கரையாக இருந்தால் அடியே கிடைக்காது. அங்கே ஒல்லி டயர் அச்சு வரை புதைந்துவிடும். கொள்ளிடத்து மணலுக்கும் அகலம்தான் நல்லது.

அடுத்த வாரமே 16 அங்குல இரும்பு ரிம்முக்கு மாறினேன், டயர் 245/75. இதே வண்டியின் கீழ்நிலை மாடலுக்கு நிறுவனமே கொடுத்த அளவு என்பதால் சின்ன ரிம் பிரேக்கில் இடிக்குமோ என்ற பயம் இல்லை. 245 என்பது மில்லிமீட்டரில் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது. கணக்குப் போட்டால் 184 மில்லிமீட்டர் வருகிறது. வண்டியோடு வந்த டயரில் 166தான். மொத்த உயரம் 789இலிருந்து 774 ஆகிறது. அதில் பாதி, அதாவது ஏழெட்டு மில்லிமீட்டர்தான் வண்டி தாழும். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 59 போகிறேன். இவ்வளவுதான் இழப்பு.

கிடைத்ததோ பெரிது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் காற்றழுத்தத்தை 20 psi வரை துணிந்து இறக்க முடிகிறது. காற்று குறைந்த டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது. பட்டன்கள் வரிசையாக மண்ணைக் கவ்வுகின்றன. தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடித்துவிடும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, 12 வோல்ட் பம்பில் நானே பிடித்துக்கொள்கிறேன்.

ரிம் வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள், தயவுசெய்து. ஸ்டெப்னி மட்டும் பழைய 18 ஆக இருந்து, அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால், உயரம் ஒத்துப்போகாமல் கியர் பெட்டியும் அச்சும் முறுக்கிக்கொள்ளும்.

இந்த ஐப்பசியில் அதே இடத்தில், அதே நாற்றுச் சுமையோடு போனேன். சக்கரம் ஒரு சாண் இறங்கியது, அடியைத் தொட்டது, நகர்ந்தது. பழைய அலாய் வீல்கள் மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கின்றன.