சம்பளச் சீட்டைப் படித்துப் பாருங்கள்

ஆரம்பாக்கத்திலிருந்து எல்லை தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, பிடித்தம் எல்லாமே வருமான வரி அல்ல. மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். வருங்கால வைப்பு நிதி 1,440, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 135, ஆந்திரத் தொழில் வரி 150. கைக்கு வருவது 16,275. வைப்பு நிதி உங்கள் பணம். வேலை மாறினால் எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. அப்படியிருந்தும் ஒப்பந்தக்காரர் 'டி.டி.எஸ்.' (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். வியர்வை சிந்திய காசு! வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஏறவில்லையென்றால் ஒப்பந்தக்காரரிடம் டி.டி.எஸ். சான்றிதழைக் கேளுங்கள்.