பிரெப் மாத்திரைக்கு அலாரம் மட்டும் போதுமா?

எச்ஐவி தொற்றாமல் தடுக்க தினமும் எடுக்கும் பிரெப், பெரும்பாலும் டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை. விட்டு விட்டுப் போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும். பாதுகாப்பும் அதோடு போகும்.

போனில் அலாரம் வைப்பது சுலபம், அது ஒலிக்கும்போது மாத்திரை கைக்கெட்டும் இடத்தில் இருப்பதுதான் கஷ்டம். பஸ்ஸில் அடித்தால் அணைத்துவிட்டு மறந்துவிடுவோம். ஆகவே பல் தேய்ப்பது, இரவுச் சாப்பாடு போல வீட்டில் தவறாமல் நடக்கும் ஒன்றை ஒட்டி நேரம் வையுங்கள். முதல் அலாரத்துக்கு 30 நிமிடம் கழித்து இன்னொன்று. தனி ஆப் என்றால் பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் சில போன்கள் சத்தமில்லாமல் அதை நிறுத்திவிடும். அலாரத்தின் பெயர் 'தண்ணீர்' என்றே இருக்கட்டும். பூட்டிய திரையை யாரும் பார்க்கலாம் அல்லவா?

போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தைத் தீர்ப்பது 7 அறை மாத்திரை டப்பா, அலாரம் அல்ல. தவறினால் நினைவு வந்ததும் ஒன்று. சேர்த்து இரண்டு வேண்டாம். பல நாள் விட்டுப்போனால் டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

கென்யாவில் இளம்பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான எம்பியா ஆய்வில், எஸ்எம்எஸ் நினைவூட்டல் மாத்திரைப் பழக்கத்தைக் கூட்டவில்லை. மறதி மட்டுமே காரணமாக இருந்தால்தான் அலாரம் உதவும். குமட்டல், வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம், மாத்திரை தீர்ந்துபோவது இவற்றுக்கெல்லாம் அது மருந்தல்ல. கடைசிக் காரணத்துக்கு மட்டும் வழி உண்டு: 30 மாத்திரை டப்பாவில் 7 மிஞ்சும் நாளை நாட்காட்டியில் குறித்துவிடலாம். 3 மாதத்துக்கொருமுறை செய்யும் எச்ஐவி பரிசோதனையையும் அப்படியே குறித்துவிடலாம்.