முன்பக்க ஹெட்போன் ஜாக்: பாட்டில் குரல் மட்டும் வராத கோளாறு சரியாகிவிட்டது

கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் இப்போது பாடுகிறவர் குரல் முழுதாகக் கேட்கிறது, அவ்வளவு சந்தோஷம். இதுவரை வயலின், தபேலா, கோரஸ் எல்லாம் வரும், முக்கியமான குரல் மட்டும் இருக்காது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அதன் எதிரொலி மட்டும் லேசாகக் கேட்கும். 1960-களின் மோனோ பாட்டைப் போட்டால் ஏறக்குறைய மௌனமே. அதே ஹெட்போனைப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் சொருகினால் ஒரு குறையும் இல்லை.

இதற்கு யாரைக் கேட்டாலும் சவுண்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடு என்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. குரல் மட்டும் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். ஹெட்போனின் இரண்டு ஸ்பீக்கருக்கும் அது பொது. அது அறுந்தால் இரண்டும் இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும், அப்புறம் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். குரலை வழக்கமாக இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் வைத்து மிக்ஸ் செய்வதால் அது கழிந்துபோகிறது.

முன்ஜாக்கின் கேபிள் போய்ச் சொருகும் இடம் மதர்போர்டின் ஹெச்டி ஆடியோ ஹெடர். அதில் 9 பின்கள், 8-வது இடம் காலி. 9 இடது, 5 வலது, மைக்குக்கு 1, 3. இத்தனைக்கும் சேர்த்து கிரவுண்டு ஒன்றே ஒன்றுதான், பின் 2. சொருகியதைக் கண்டுபிடிக்கும் ஒயர்கள் 6, 7, 10-ல் தனியாகப் போகின்றன, அதனால்தான் கிரவுண்டு போன பிறகும் ஹெட்போன் சொருகப்பட்டது என்று திரையில் ஒழுங்காகக் காட்டுகிறது. ஆளை ஏமாற்றுவதே இதுதான்.

மின்சாரத்தை நிறுத்தி, கனெக்டரை உருவி, 2-வது துளைக்குள் குண்டூசி விட்டு, அதில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும், முன்ஜாக்கில் சொருகிய பிளக்கின் அடிப்பகுதியில் இன்னொரு முனையையும் வைத்தேன். இணைப்பு இருந்தால் வர வேண்டிய பீப் இல்லை. ஒயரை அழுத்தினால் பீப், விட்டால் இல்லை. ஒயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடத்தில் இன்சுலேஷனுக்கு உள்ளேயே இழைகள் அறுந்திருந்தன, வெளியே ஒன்றும் தெரியாது. கருப்பு பிளாஸ்டிக்கின் சின்ன நாக்கை ஊசியால் தூக்கினால் பின் வழுக்கி வெளியே வந்துவிடும். அவசரப்பட்டால் நாக்கு உடையும், பொறுமை முக்கியம். பழைய கனெக்டரிலிருந்து எடுத்த பின்னை மூக்கு பிளையரால் இறுக்கி, மெல்லிய சால்டர் ஒரு பொட்டு வைத்தேன். ஈயம் பின்னின் வாய்ப்பக்கம் ஓடினால் ஹெடரில் ஏறாது, கவனம்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்தப் பின்கள் சில்லறையாகக் கிடைக்கின்றன. அப்படியே போன் ஹெட்செட்டின் ஒலியையும் மைக்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் வாங்கினேன். ஒரு பெண் சாக்கெட், பச்சையும் பிங்க்கும் இரண்டு பிளக், அதுதான் வேண்டும். பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்று இரண்டு பேர் சேர்ந்து பாட்டு கேட்பதற்கு, மைக் வேலை செய்யாது. கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் ஒரு பாக்கி: மவுஸை உருட்டினால் முன்ஜாக்கில் மெல்லிய கீச்சு. கேபிள் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகிறது. அதைக் கேபினட்டின் அடிவழியாகத் திருப்பிப் பார்க்கிறேன், போதவில்லை என்றால் 5-க்கும் 9-க்கும் ஷீல்டு ஒயர் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்டது) இழுத்து, ஷீல்டை மதர்போர்டு பக்கம் மட்டும் பின் 2-வில் சேர்ப்பதாகத் திட்டம்.