ஃபால்கர்க் கால்வாயோரத்து எஃகுக் குதிரைகள்

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து ஸ்டிர்லிங் நோக்கிச் செல்லும் எம்9 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கெல்பீஸ் எனப்படும் இரண்டு மாபெரும் எஃகுக் குதிரைத் தலைச் சிற்பங்களை ஓடும் வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். ஆனால் அவற்றைக் கால்வாய் வழியாக நடந்து சென்று பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது. கால்வாயில் மிதந்த சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தக் குதிரைகளுக்காகத்தான் இந்தச் சிற்பங்கள் எழுந்திருக்கின்றன. எனவே ஃபால்கர்க் நகரில் ரயிலை விட்டு இறங்கி, ஃபோர்த்–கிளைட் கால்வாயின் கரையைப் பிடித்துக் கிழக்கே நடந்தேன்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்கும் இக்கால்வாயை 1768இல் வெட்டத் தொடங்கி 1790இல் முடித்தார்கள். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். நிலக்கரியும் மரமும் இரும்பும் இதன் வழியே போயின. ரயிலும் பின்னர் லாரியும் வந்தபின் கால்வாய் நலிந்து, 1963இல் மூடப்பட்டு, புத்தாயிரத்தின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அதில் செல்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள்.

நடந்துகொண்டிருக்கும்போதே மரங்களுக்கு மேலே முதலில் ஒரு மூக்கு தெரிகிறது. வானத்தை நோக்கித் தூக்கிய மூக்கு. இன்னும் சற்றுத் தூரம் சென்றபின் மற்றொரு தலை, கழுத்தை வளைத்துக் கீழே குனிந்தபடி. ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடிக் கட்டடம் அளவு. ஒவ்வொன்றின் எடை 300 டன். இரண்டுக்கும் நடுவே தண்ணீர். படகில் வருகிறவர் இந்த இரு தலைகளுக்கும் இடையே புகுந்துதான் போக வேண்டும். உடல் கிடையாது, கால்கள் கிடையாது; கழுத்து நேராகத் தரையிலிருந்து எழுகிறது. முழுக் குதிரையாகச் செய்திருந்தால் இவ்வளவு வலு வந்திருக்காது என்பது என் எண்ணம். மீதி உடல் மண்ணுக்கடியில் நின்று இன்னும் எதையோ இழுத்துக்கொண்டிருப்பதாகப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார்.

இவற்றை வடிவமைத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த சிற்பி ஆண்டி ஸ்காட். அவருடைய தந்தை ஃபால்கர்க்காரர். கெல்பி என்பது ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நீர்ப்பேய். அழகிய குதிரையாக உருமாறிக் கரையில் நின்று, ஆசையோடு முதுகில் ஏறுபவரைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். திட்டத்தின் பெயர் இந்தக் கதையிலிருந்து வந்தாலும், ஸ்காட் பேயைச் செய்யவில்லை. வயலில் ஏர் இழுத்த, சாலையில் வண்டி இழுத்த, கரையில் படகு இழுத்த கிளைட்ஸ்டேல் இனத்துக் கனத்த குதிரையைச் செய்தார். டியூக், பாரன் என்ற இரண்டு உண்மையான கிளைட்ஸ்டேல் குதிரைகளே அவருக்கு முன்மாதிரிகள். அருகில் நின்று தாடையின் அகலத்தையும் கழுத்துத் தசையின் திரட்சியையும் பார்க்கும்போது, இது பந்தயக் குதிரையோ போர்க்குதிரையோ அன்று, பாடுபட்ட குதிரை என்பது விளங்குகிறது. ஊர் நடுவில் மன்னர்களையும் தளபதிகளையும் சுமந்து நிற்கும் வெண்கலக் குதிரைகளை ஐரோப்பாவில் ஏராளமாகப் பார்க்கலாம். முதுகில் யாரும் இல்லாமல், தன் உழைப்புக்காகவே சிலையான குதிரை அரிது.

வழிகாட்டியுடன் சென்றால் ஒரு தலையின் உள்ளேயும் நுழையலாம். என்னைக் கேட்டால், வெளியே நின்று எடுக்கும் நூறு புகைப்படங்களைவிட அந்தச் சில நிமிடங்கள் மேலானவை. உள்ளே எஃகுக் குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு உச்சி வரை ஏறுகின்றன. அந்தச் சட்டகத்தின் மேல்தான் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இரு தலைகளுக்கும் சேர்த்து 928 தகடுகள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளாமல் இடைவெளி விட்டு நிற்பதால், உள்ளே நிற்பவருக்கு அந்த இடுக்குகளில் வானம் தெரிகிறது. வெளியே வந்து பார்த்தால் அதே இடுக்குகள் கருங்கோடுகளாகி, பிடரி மயிரையும் கன்ன எலும்பையும் தாடை மடிப்பையும் வரைந்து காட்டுகின்றன. இந்தச் சிற்பத்தில் உலோகத்துக்கு நிகராக உலோகம் இல்லாத இடங்களும் வேலை செய்கின்றன. மேகம் நகர நகரத் தகடுகளின் நிறம் சாம்பலிலிருந்து வெள்ளிக்கும், வெள்ளியிலிருந்து ஈயத்துக்கும் மாறிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் நிலையற்ற வானிலை இதற்கு நல்ல துணை.

இவ்வளவு பெரியதை ஒருவர் தம் கையால் செய்ய முடியாது என்பது வெளிப்படை. ஸ்காட் முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில், மூன்று மீட்டர் உயர மாதிரிகளைத் தம் பட்டறையில் எஃகுத் துண்டுகளை வெல்டிங் செய்து உருவாக்கினார். அவற்றை லேசர் கருவியால் அளந்து கணினிக்குள் கொண்டுபோய், பொறியாளர்கள் சட்டகத்தைக் கணக்கிட்டார்கள். உதிரிகள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தயாராகி லாரிகளில் வந்தன. 2013 ஜூனில் தொடங்கிய நிறுவும் பணி, அந்த ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் முடிந்துவிட்டது. 2014 ஏப்ரலில் மக்களுக்காகத் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு.

யார்க்‌ஷயர் என்று அறிந்தபோது எனக்குச் சிறிது உறுத்தியது. ஃபால்கர்க் இரும்பு வார்த்துப் பிழைத்த ஊர். 1759இல் இங்கே தொடங்கப்பட்ட கேரன் இரும்பாலை ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று. கப்பல்களில் வைக்கும் குட்டைப் பீரங்கிக்கு அதன் பெயரையே வைத்தார்கள். பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளும் அஞ்சல் பெட்டிகளும்கூட இப்பகுதி வார்ப்பாலைகளில் செய்யப்பட்டவை. 1982இல் கேரன் நொடித்துப்போனது. உழைத்த குதிரைக்கு நினைவுச் சின்னம் எழுப்பிய ஊரில், அந்தச் சின்னத்தை வடிக்கத்தக்க உலோகத் தொழில் எஞ்சவில்லை என்பதைக் கெல்பீஸைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. சிற்பத்தின் குறை என்று இதைச் சொல்லவில்லை. அது நினைவூட்ட வந்த செய்தியின் மறுபாதி இதுவே என்று கருதுகிறேன்.

பின்னர் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு எம்8 சாலை வழியாகப் பேருந்தில் சென்றேன். வழியில் ஈஸ்டர்ஹவுஸ் அருகே ஸ்காட்டின் பழைய படைப்பான ‘ஹெவி ஹார்ஸ்’ நிற்கிறது. 1997இல் வைக்கப்பட்டது, இதுவும் கிளைட்ஸ்டேல்தான், ஆனால் நான்கு கால்களுடன் முழுதாக நிற்கிறது. தகடுகளுக்குப் பதிலாக எஃகுக் கம்பிகளை வளைத்து, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து எழுப்பிய உடல். பேருந்து கடக்கும் சில நொடிகளில் அதன் ஊடாகப் பின்னாலிருக்கும் புல்வெளி தெரிகிறது. கெல்பீஸின் அளவு பிரமிக்க வைக்கிறது. ஆயினும் கம்பி கம்பியாக ஒரு கை சேர்த்த தடயத்தைக் காண விரும்புகிறவர்கள் இந்தச் சிறிய குதிரையையும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டால், நான் இதையே சொல்வேன்.