நகை அவளுது, பட்டா அவருது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவைப் பல வருடம் பார்த்தேன். பாபநாசம் அணை திறந்து நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கவுண்டரிலும் கூட்டம் வந்துவிடும். கார் பருவ நெல் நடவும் பள்ளிக்கூடச் செலவும் ஆனியில் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது வைத்த நகையைப் அடுத்த பருவமான பிசான நெல்லை அறுத்த பிறகு மாசி, பங்குனியில் திருப்புவார்கள். கோயில் கொடைக்கும் கல்யாண வீடுகளுக்கும் கழுத்தில் கிடக்கும். அடுத்த ஆனியில் மறுபடி உரைகல்லுக்கு வந்துவிடும். சில சங்கிலிகளைத் தராசில் வைக்கும் முன்பே எங்கள் மதிப்பீட்டாளர் எடையைச் சொல்லிவிடுவார்.

கழற்றிக் கொடுப்பது மனைவி, கையெழுத்துப் போடுவது கணவர். ஏன் என்றால் வட்டிதான். என் காலத்தில் விவசாய நகைக்கடனுக்கு 7 சதவீதம். 3 லட்சம் வரை ஒழுங்காகக் கட்டினால் மானியம் போக 4 சதவீதம். அதற்கு நிலத்தையும் பயிரையும் காட்டும் சிட்டா, அடங்கல் வேண்டும். அவை அவர் பேரில் இருக்கும். பீடி சுற்றிய கூலியில் சீட்டுக் கட்டி வாங்கிய நகையைத் தன் பேரிலேயே வைக்க வந்த பெண்களும் உண்டு. நிலம் இல்லாததால் அவர்களுக்குக் கூடுதல் வட்டி. "நகை என்னுதுதான் சார், வட்டி கம்மின்னா அவுக பேருலயே போட்டுருங்க" என்பார்கள். யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள்?

அவள் பேரில் ஏன் நிலமில்லை என்பதற்குப் பதில் வீட்டுக்கடன் ஃபைல்களில் இருந்தது. சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரிகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள். இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஊர்ச் சட்டம் வேறு: "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே." பிறந்த வீட்டு நிலத்துக்குப் பதிலாக வந்த பொன், புகுந்த வீட்டு நிலத்துக்கு உரமும் விதையுமாகப் போகிறது. வீடு விருத்தியாக வேண்டும் என்று அவளேதான் கொடுக்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் விருத்தியானது யார் பேரில்?

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகளில், அடகு வைக்கும் நகை யாருடையது என்று சரிபார்க்கச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு. நியாயந்தான், பாட்டி போட்ட அட்டிகைக்கு யாரிடம் ரசீது இருக்கும்? இருந்தாலும் அந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

கடன் இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டால்தான் சிக்கல் முழுசாக வெளியே வரும். கணக்கில் அது அவர் நகை. வாரிசுச் சான்றிதழில் மனைவியோடு பிள்ளைகள், அவருடைய தாயார் எல்லாரும் இருப்பார்கள். நகையை அவளிடம் கொடுக்க எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு மாமியார் உடனே போட்டுக் கொடுத்துவிட்டார். மூத்த மகன் சவுதியில். அவனுடைய ஒப்புதல் தூதரகம் வழியாக வந்து சேரும்வரை, அந்த அம்மாவின் சொந்தச் சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.